மூன்றாம் பெட்டியில் ஒரு சரி

எண்பதுகளில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களிடம் என்ன வேலை என்று கேட்டால், பெற்றோல் ஷெட், கடை, செக்கியூரிட்டி என்று ஏதாவது ஒன்றைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சவிரிமுத்துவிடம் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "வெள்ளைக்காரன் பனியில விழேக்கை அவன்ர கால் முறியாமல் பாக்கிறன்" என்பார். கேட்டவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். ஊரில் வள்ளங்களின் மெசின் திருத்தும் பட்டறையில் நின்றவர். எண்பத்து நான்கின் கடைசியில் வந்து, மனைவி பெர்னடெற்றோடு மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் ஒரு கோழிக்கடைக்கு மேலே குடியேறினார். குரொய்டன் பக்கம் மலையேறுகிறவர்களுக்கும் பனிச்சறுக்குக்காரருக்கும் சாமான் விற்கிற கடை ஒன்றில், லொறியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குவதுதான் முதல் வேலை. ஒருநாள் நிலவறையில் குப்பைக்கென்று போட்டிருந்த, சப்பாத்தை ஸ்கீப் பலகையோடு பிடிக்கும் கொளுவி ஒன்றை எடுத்து, கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டி, மனேஜர் ஹொலிஸின் மேசையில் வைத்திருக்கிறார். அது புதிதுபோல வேலை செய்ததாம். ஹொலிஸ் அவரை ஒரு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பி, நிலவறைப் பட்டறையை அவர் கையில் கொடுத்துவிட்டார். சவிரிமுத்து அதுவரை ஒரு பனிமலையையும் கண்ணால் கண்டதில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

இனி என்னைப் பற்றி. தில்லையம்பலம் என்றால் நோர்பரியில் தெரியாத தமிழர் அந்தக் காலத்தில் குறைவு. கவுன்சிலில் கிளார்க் வேலை. ஆனால் என் பெயர் பரவியது வேலையால் இல்லை, போம் நிரப்புவதால். அகதி விண்ணப்பம், வீட்டு விண்ணப்பம், பெனிபிட், பள்ளிக்கூட அனுமதி, எதுவென்றாலும் சனிக்கிழமை காலையில் என் முன்னறைக்கு வரும். நான் நிரப்பிய போம் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்த வித்தையின் சூட்சுமம் இதுதான்: வெள்ளைக்காரன் பெட்டி போட்டுக் கேட்டால் அடக்கமாகப் பதில் சொல்லக்கூடாது. சுவரில் ஈரம் இருந்தால் வீடு முழுக்க ஈரம் என்று எழுதவேண்டும். பிள்ளை கணக்கில் கெட்டியென்றால் எல்லாவற்றிலும் கெட்டி என்று எழுதவேண்டும். குறைத்து எழுதினவன் வெளியில் நிற்பான் என்று வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருக்கிறேன்.

சவிரிமுத்துவின் வீட்டு விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். அதற்கு வேலைக் கடிதம் ஒன்று தேவைப்பட்டதால் ஒருமுறை அவருடைய நிலவறைக்குப் போனேன். கதவடியில் அரைமணித்தியாலம் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். ஸ்கீ என்பது ஆளைவிட நீளமான ஒரு பலகை. அதன் நடுவில் இரண்டு கொளுவிகள் இருக்கின்றன. முன்னது சப்பாத்தின் மூக்கைப் பிடிக்கும், பின்னது குதியைப் பிடிக்கும். அவர் முதலில் சப்பாத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் துணியால் துடைத்தார். அடியின் நீளத்தை மில்லிமீற்றரில் அளந்தார். சப்பாத்தைப் பலகையில் வைத்து, பின்கொளுவியை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, அதிலுள்ள ஒரு கோடு மற்றக் கோட்டோடு நேராக வரும்வரை திருப்புளியால் திருகினார். பிறகு முன்கொளுவியடியில் ஒரு கடுதாசித் துண்டைச் சப்பாத்துக்குக் கீழே விட்டு இழுத்துப் பார்த்தார். கிழியாமல், ஆனால் கொஞ்சம் உரசிக்கொண்டு வரவேண்டுமாம்.

"இவ்வளவும் பொருத்தம் பாக்கிறது, அண்ணை. இனித்தான் முக்கியமான விசயம்" என்றார்.

கொளுவிகளில் சின்னக் கண்ணாடி யன்னல் போல ஒன்று இருந்தது. உள்ளே எண்கள். ஸ்குறூவைத் திருப்பினால் எண் ஏறும், இறங்கும். எண் ஏறினால் கொளுவி இறுகும். ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், எப்படிச் சறுக்குகிறவர் என்பது, இவையெல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் பார்த்து எண்ணைப் பிடிக்கவேண்டும். பிடித்தபின் சப்பாத்தின் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். டக்கென்று சப்பாத்து கழன்று வந்தது.

"என்ன, கழண்டுபோச்சு?" என்றேன்.

"கழரத்தான் வேணும். ஆள் விழேக்கை பலகை கழராட்டி, பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் மற்றப் பக்கம் திரும்பும். பிறகு எலும்புதான் விட்டுக்குடுக்கும்."

"அப்ப கழருற சாமானை ஏனப்பா மினக்கெட்டு இறுக்கிறீர்? ஆருக்குக் கழண்டது எண்டு விளங்கேல்லை" என்று நான் பகிடி விட்டேன். அவர் கோபிக்கவில்லை. சும்மா ஓடும்போது கழன்றாலும் ஆபத்து, விழும்போது கழராவிட்டாலும் ஆபத்து, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தன் சம்பளம் இருக்கிறது என்றார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசியில் என் மகள் சிவகௌரியின் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கக் கூட்டிக்கொண்டு போனது. அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் பனிமலைக்குப் போகும் முதல் ஆள். நான் இதை ஒஃபிசில் எல்லாரிடமும் சொன்னேன். கோயிலில் சொன்னேன். சவிரிமுத்துவுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னேன். ஸ்கீயும் சப்பாத்தும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்று பள்ளிக்கூடம் எழுதியிருந்தது. எங்கட ஆள் இருக்கிற கடையை விட்டுவிட்டு அங்கே ஏன் எடுக்கவேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், அரைநாள் லீவு போட்டு அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். விடுமுறைக்கு முதல் நாளென்பதால் கடை நிரம்பி வழிந்தது. வாசலில், நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் காரை விட்டிருந்தேன். மேலே கவுண்டரில் ஒரு போம் தந்தார்கள். போம் என்றவுடன் எனக்குப் பேனா தானாகக் கைக்கு வந்துவிடும். வயது, உயரம் எழுதினேன். நிறை எழுதும் இடத்தில், பிள்ளையின் நிறையைச் சொன்னால் நாவூறு படும் என்று மனைவி கலாவதி வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்ததால் இரண்டு கிலோ குறைத்தேன். அதற்குக் கீழே மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவது, மெதுவாகவும் அவதானமாகவும் சறுக்குபவர். இரண்டாவது, நடுத்தரம். மூன்றாவது, வேகமாகவும் துணிவாகவும் சறுக்குபவர்.

என் பிள்ளை மெதுவானவள் என்று நான் கையெழுத்து வைப்பதா? மூன்றாம் பெட்டியில் சரி போட்டேன். பெரிய சரி.

ஐந்து நிமிடத்தில் சவிரிமுத்து அந்தப் போமைக் கையில் பிடித்துக்கொண்டு நிலவறைப் படியால் ஏறி வந்தார்.

"பிள்ளை, முன்னம் எங்கையும் சறுக்கினனீங்களோ?" என்று சிவகௌரியைக் கேட்டார்.

"பிளாஸ்டிக் ஸ்லோப்ல ரெண்டு தரம், அங்கிள். ஐ வாஸ் றப்பிஷ்" என்றாள் அவள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"அவள் விளையாட்டுக்குச் சொல்லுறாள். நீர் போமில இருக்கிறபடி செய்யும்."

"அண்ணை, நிறையை நான் தராசில வைச்சுப் பாக்கிறன், அது பிரச்சினை இல்லை. எங்கட சனம் நிறையைக் குறைச்சு எழுதும், கெட்டித்தனத்தைக் கூட்டி எழுதும், எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சரியை முதல் பெட்டிக்கு மாத்துங்கோ. புதுப்பிள்ளைக்கு மூண்டுக்கு மேல வைக்கக்கூடாது. நீங்கள் போட்ட சரிக்கு அஞ்சு வருகுது."

"அஞ்சு நல்லதுதானே. கழராது."

"கழராது எண்டதைத்தான் நானும் சொல்லுறன், அண்ணை."

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ பேருக்குப் போம் நிரப்பிக்கொடுத்த என்னை, நான் போம் நிரப்பிக் கொடுத்த ஒருவர் நாலு பேருக்கு முன்னால் திருத்துகிறார். என் முகம் சுட்டது. "சவிரி, உம்மட வேலை திருப்புளி பிடிக்கிறது. எழுதுறது என்ர வேலை" என்றேன். அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. மறக்க முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் என்னையும் பிள்ளையின் கால்களையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அவளைத் தராசில் நிறுத்தி நிறையைத் திருத்திக்கொண்டு, கீழே இறங்கிப் போனார்.

கால்மணித்தியாலம் கழித்து ஒரு பெடியன் ஸ்கீகளைக் கட்டி மேலே கொண்டுவந்து தந்தான். வெளியே தண்டம் எழுதும் தொப்பிக்காரன் ஒவ்வொரு காராக எழுதிக்கொண்டு வருவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. நான் ஸ்கீகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"அண்ணை! அண்ணை, ஒரு நிமிசம்! அந்த ஸ்கீயை ஒருக்காத் தாங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். சவிரிமுத்து படி ஏறிய மூச்சோடு, கையில் திருப்புளியோடு நின்றார். "டிக்கெட் குடுக்கப்போறான் ஐசே, பிறகு கதைப்பம்" என்று சொல்லிக் காரை எடுத்தேன்.

அன்று இரவு அவர் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். கலாவதிதான் எடுத்தாள். திரும்பவும் எனக்குப் பாடம் நடத்தப்போகிறார் என்று நினைத்து, நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை காலை எட்டு மணிபோல வாசல் மணி அடித்தது. அவர்தான். மிச்சத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"பிள்ளையின்ர கோச் போயிட்டுதோ, அண்ணை?"

"ஆறு மணிக்கே போயிட்டுது. ஏன்?"

கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டிருந்த கையை அவர் வெளியே எடுக்கவில்லை; திருப்புளியின் பிடி மட்டும் தெரிந்தது. கேற்றடியில் நின்றபடியே, "அங்க டீச்சருக்கு ஃபோன் பண்ணி, கொளுவியில இருக்கிற எண்ணை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார். ஓம் என்றேன். அவர் போனதும் கலாவதி கேட்டாள். பிறகு பார்ப்பம் என்றேன். முன்னறையில் மூன்று பேர் போமோடு காத்திருந்தார்கள். நான் ஃபோன் எடுக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் டீச்சர் ஃபோன் எடுத்தா. சிவகௌரி மெதுவாக வந்துகொண்டிருக்கும்போதுதான் விழுந்திருக்கிறாள். மெதுவாக விழுவதுதான் மோசமாம். ஒரு ஸ்கீ கழன்று தூரப் போய்விட்டது. மற்றது கழரவில்லை, காலோடு சேர்ந்து சுற்றிவிட்டது. இடது கால், முழங்காலுக்குக் கீழே, முறுக்கிய முறிவு. அவள் திரும்பி வரும்வரை அந்த நாலு நாளும் நான் பட்டதைச் சொல்லத் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை கட்டிலில் கிடக்கிறாள். ஃபோனில் அழுகிறாள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை ராசாத்தி, ஒண்டுமில்லை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாமல் நின்றேன். கலாவதி சாப்பிடவில்லை. என் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

ஆள் கிடைத்தது. அவளோடு டீச்சர் கொடுத்துவிட்ட அறிக்கையில், அங்கேயுள்ள ஸ்கீக் கடைக்காரர் கொளுவிகளைப் பரிசோதித்து எழுதிய குறிப்பு இருந்தது. வலது மூன்று. இடது ஐந்து. ஒரு பிள்ளையின் இரண்டு காலுக்கு இரண்டு எண்.

எனக்குக் கை துறுதுறுத்தது. அன்றே உட்கார்ந்து கடையின் தலைமை ஒஃபிசுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த ஆங்கிலம் அதுதான். ஒரு காலைச் சரியாகப் பார்த்தவன் மற்றக் காலை மறந்துவிட்டான், இப்படிப்பட்டவனிடம் பிள்ளைகளின் கால்களை எப்படி ஒப்படைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பெயரைக் குறிப்பிடவில்லை. நிலவறையில் ஒரே ஒருவர்தான் வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும்.

பதில் மூன்று கிழமையில் வந்தது. என் போமின் பிரதியும் உள்ளே இருந்தது. மூன்றாம் பெட்டியில் என் சரி, கீழே என் கையெழுத்து. கடிதம் மிக மரியாதையாக இருந்தது. தாங்கள் கையெழுத்திட்ட விபரத்தின்படி கொளுவிகள் ஐந்தில் இருக்கவேண்டும். இடது ஸ்கீ சரியாகவே பொருத்தப்பட்டிருந்தது, மனேஜரே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். வலது ஸ்கீ மட்டும் விதிக்கு மாறாக மூன்றில் இருந்தது. அந்தத் தவறைச் செய்தவர் ஒப்புக்கொண்டார், அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை. எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். முறிந்த கால் என் சரி. தப்பிய கால் அவருடைய பிழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பெர்னடெற் கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்றா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சவிரிமுத்து யன்னலடியில் இருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறா என்று கேட்டார். கால் கட்டோடு இருக்கிறாள் என்றேன்.

"எந்தக் கால், அண்ணை? கால் முறிஞ்சது எண்டுதான் சொன்னவை. எந்தக் கால் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இடது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டையும் மூண்டில வைப்பம் எண்டுதான் இருந்தனான். வலது முடிஞ்சுது. இடதைக் கையில எடுக்க ஹொலிஸ் இறங்கி வந்திட்டான். போன வருசம் ஆரோ முறைப்பாடு குடுத்ததில இருந்து அவனுக்குப் பயம். போமைப் பாத்தான், அஞ்சு எண்டான், நான் அஞ்சுக்குத் திருகுமட்டும் பக்கத்தில நிண்டான். அவன் போனதும் இறக்குவம் எண்டு வைச்சிட்டு அடுத்த சோடியைப் பிடிச்சன். அதுக்குள்ள பெடியன் கட்டிக்கொண்டு மேல போயிட்டான்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. ஒரு நிமிசம் தாங்கோ என்று கேட்டதை, இரண்டு பஸ் மாறி வந்து கேற்றடியில் நின்றதை, ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது வசதியாக இருந்திருக்கும். நான் அந்தக் கடிதத்தை எழுதியவன் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும் அண்ணை. உங்கட இங்கிலிசு. ஹொலிஸ் ரெண்டு வரி வாசிச்சுக் காட்டினவன்" என்றார்.

மறுநாளே கடைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, அவரைத் திரும்ப எடுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். பதில் இல்லை. மீண்டும் எழுதினேன். நேரில் போனேன். விசயம் முடிந்துவிட்டது என்று ஹொலிஸ் கையை விரித்தார். ஒரு ஆளை வேலையிலிருந்து தூக்க என் ஒரு கடிதம் போதுமாயிருந்தது. திரும்பச் சேர்க்க எத்தனை எழுதியும் போதவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சவிரிமுத்து என் முன்னறைக்கு வந்தார். மற்றவர்களோடு வரிசையில் இருந்தார். தன் முறை வந்ததும் ஒரு போமை நீட்டினார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஓடுகிற பட்டிகளைத் திருத்தும் வேலை. "நீங்கள் நிரப்பினால் திரும்பி வராது" என்றார். குத்திக் காட்டவில்லை. அந்த மனிதருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

பெயர், விலாசம், பழைய வேலை, எத்தனை வருசம், எல்லாம் எழுதினேன். பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்தது. முந்திய வேலையை விட்ட காரணம். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். ஆயிரம் போம் நிரப்பிய கை அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை. பொய் எழுதத் துணிவில்லை, உண்மையை எழுதினால் வேலை கிடைக்காது. அதை அப்படியே விட்டு, மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் போம் திரும்பி வந்தது. வெற்றுப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். அடுத்த சனிக்கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் என்னிடம் வந்தார். இந்தமுறை நிரப்பச் சொல்லவில்லை. அவரே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியிருந்தார். மூன்றே சொல். "என்னுடைய பிழையால் விலக்கப்பட்டேன்" என்று அதற்கு அர்த்தம்.

"எழுத்துப் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, அண்ணை" என்றார்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. ஒன்பது வருடமாகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறார். சிவகௌரி குளிர்காலத்தில் படி இறங்கும்போது இடது காலை மெதுவாக வைத்து இறங்குவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு ஞாபகம் வரும். அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் எழுதிய அந்த மூன்று சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.